திசுப் பொருத்தம் தேடும் பதிவகம்: கொடையாளர் ஒருவரின் மதிப்புரை

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு போன்ற நோய்களால் அவதிப்படுவோருக்கு, உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைத் தேடித் தருவதே தன்னார்வக் கொடையாளர் பதிவகங்களின் வேலை. அப்படியொரு பதிவகத்தில் கல்லூரி நாள்களில் பெயர் கொடுத்து, பல ஆண்டுகள் கழித்து அழைக்கப்பட்டு, ஸ்டெம் செல் கொடுத்தவன் என்ற முறையில் அதன் சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பதிவகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் தனியொரு நிறுவனத்தின் குணத்தால் மட்டும் வந்தவை அல்ல, இந்தத் துறை நம் நாட்டில் வளர்ந்த விதத்தால் வந்தவை என்றே கருதுகிறேன். கொடை நடக்கும் நாள்களில் கொடையாளரைப் பார்த்துக்கொள்ளும் விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் யாரைத் தேடிச்சென்று பதிவு செய்கிறார்கள், பதிந்தவர்களோடு எப்படித் தொடர்பில் இருக்கிறார்கள் என்ற இரண்டிலும் பெருங்குறை இருக்கிறது. அந்தக் குறையின் பாரம் முழுவதும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

இந்தச் சேவை எதைத் தேடுகிறது என்பது தெரியாமல் இதன் தரத்தை எடைபோட முடியாது. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. எது தன்னுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்பதை நோய் எதிர்ப்பு மண்டலம் இவற்றைக் கொண்டே இனங்காண்கிறது. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அருகருகே அமைந்திருப்பதால், பெரும்பாலும் பிரியாமல், தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியுமாகப் பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறந்தோர் இருவர் இருந்தால், ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 44 விழுக்காடு. ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் பெருகிவரும் காலத்தில் இந்த வாய்ப்பும் குறைந்துகொண்டே வருகிறது. குடும்பத்துக்குள் கிடைக்காதபோது வெளியில் தேட வேண்டும். ஏ, பி, சி, டிஆர்பி1, டிக்யூபி1 என்ற ஐந்து மரபணுக்களிலும் இரண்டிரண்டு வடிவங்களை ஒப்பிட்டு, பத்துக்குப் பத்து பொருந்தும் ஒருவரைக் கண்டுபிடிப்பதே தேடலின் இலக்கு. எச்.எல்.ஏ. மரபணுக்களில் இதுவரை உலகெங்கும் பதிவாகியிருக்கும் வடிவங்கள் 30,000-க்கும் மேல். ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு முகாமுக்கு வருவோரில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். திசு பொருந்தாவிட்டால், கொடையாளரிடமிருந்து உடலுக்குள் சென்ற புதிய நோய் எதிர்ப்பு அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்து கூடுகிறது.

பதிவு செய்யும் முறை மிக எளிது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். பிறகு நீளமான பஞ்சுக் குச்சிகளைக் கன்னத்தின் உட்புறத்தில் அழுத்தி உருட்டித் தேய்க்க வேண்டும். ஈரம் உலரும்படி சற்று நேரம் வைத்திருந்து, காகித உறையில் போட்டு, ஒப்புதல் படிவத்தில் ஒட்டிய அதே பார்கோடு ஸ்டிக்கரை உறையின் மேலும் ஒட்டிவிடுகிறார்கள். ஊசியும் இல்லை, கட்டணமும் இல்லை. ஒட்டிய ஸ்டிக்கரின் எண்ணை இருவர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். எண் மாறினால் எங்கோ ஒரு நோயாளிக்குத் தவறான பெயர் போய்ச் சேரும் என்பதை அவர்கள் உணர்ந்து வேலை செய்தது தெரிந்தது.

மாதிரியை ஆய்வகம் எவ்வளவு நுட்பமாக வாசிக்கிறது என்பது இந்தச் சேவையின் தரத்தில் பாதி. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஏ மரபணுவில் ஏ2 என்று பொதுவாகச் சொல்லப்படும் வகைக்குள் பல உட்பிரிவுகள் உண்டு. ஐரோப்பியரிடம் அதில் மிகப் பெரும்பான்மை ஏ 02:01. இந்தியரிடம் ஏ 02:11 என்ற வடிவம் பரவலாகக் காணப்படுகிறது. பழைய முறையில் மேலோட்டமாகச் சோதித்தால் இருவரும் ஏ2 என்றே வரும், பொருத்தம் இருப்பதாகத் தோன்றும், டி.என்.ஏ. வரிசையை எழுத்து எழுத்தாகப் படித்தால்தான் வேறுபாடு தெரியும். இன்று நம் நாட்டுப் பதிவகங்கள் தொடக்கத்திலேயே நுண்பகுப்பு முறையில் சோதிக்கின்றன என்பது நோயாளிக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் பட்டியலில் பொருத்தமாகத் தெரிந்தவர் மறுசோதனையில் பொருந்தாமல் போய், அதற்குள் வாரக்கணக்கில் காலம் வீணாகும் நிலை பெருமளவு தவிர்க்கப்படுகிறது. இந்த இடத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இருப்பது அதற்கு முந்தைய இடத்தில், யாருடைய கன்னத்திலிருந்து அந்த மாதிரி எடுக்கப்படுகிறது என்பதில்.

இந்தியாவில் இரு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலாக நடந்து, அதன் பிறகு அகமண வழக்கத்தால் பெரிதும் நின்றுபோனது என்று ஹைதராபாதின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2017-இல் வந்த அதன் தொடர்ச்சியான ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81 குழுக்கள், தொடக்க மூதாதையர் சிலரிடமிருந்தே பெருகியதற்கான தடயத்தை, அவ்வகையில் உலகில் பெயர்பெற்ற பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாகக் கொண்டிருந்தன. பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் முடித்துவந்த குழுக்களில், சில எச்.எல்.ஏ. தொகுதிகள் அடிக்கடி தென்படும். பக்கத்துத் தெருவில் வாழும் வேறொரு குழுவில் அதே தொகுதி அரிதாக இருக்கலாம். எல்லாச் சமூகங்களிலும் பொதுவாகக் காணப்படும் தொகுதிகளும் உண்டு என்பதால் இதை இரும்புக் கோடாகப் பார்க்கக் கூடாது. ஆனாலும் நடைமுறையில் இதன் விளைவு தெளிவானது. ஒரு சமூகத்தைச் சேர்ந்த சில ஆயிரம் பேர் பதிவில் இருந்தால் அந்தச் சமூகத்து நோயாளிக்குப் பொருத்தம் கிடைக்கும் நம்பிக்கை கூடும். அவர்களில் ஒருவரும் இல்லாத பதிவகத்தில் மற்றவர்கள் லட்சம் பேர் கூடினாலும் அவருக்கு அந்த அளவு பயன் இருக்காது.

நான் பதிந்த முகாம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. பிறகு நான் கேள்விப்பட்ட முகாம்களும் கல்லூரிகளிலும் மென்பொருள் நிறுவன வளாகங்களிலும்தான். இளைஞர்கள் ஓரிடத்தில் திரண்டிருப்பதாலும், இளம் கொடையாளரின் அணுக்களையே மருத்துவர்கள் விரும்புவதாலும், செலவு குறைவதாலும் அப்படிச் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த வரிசையில் யார் நிற்பார்கள் என்பது முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. என் சொந்த ஊர் அரூர். அதை அடுத்த சித்தேரி மலைக் கிராமங்களில் இப்படியொரு முகாம் நடந்ததாக நான் அறிந்ததில்லை. நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் ஆகிய பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை உள்ளது. அந்த நோயை வேரோடு தீர்க்க நெடுநாளாக மருத்துவம் நம்பிவந்த வழி ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை. நோய் இருக்கும் மக்களிடமே பஞ்சுக் குச்சி போய்ச் சேராவிட்டால், பதிவகத்தின் எண்ணிக்கைப் பலகையில் எத்தனை லட்சம் ஏறினாலும் அந்த மலையிலிருந்து வரும் குழந்தைக்கு அதனால் என்ன கிடைக்கும்?

இந்த ஏற்றத்தாழ்வு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தேசியப் பதிவகத்தை வைத்துச் செய்யப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வின்படி, ஐரோப்பிய வழிவந்த வெள்ளையருக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. தெற்காசிய வழிவந்தோருக்கு 33. தென், மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16. இதற்குக் காரணம் இரண்டு. பதிந்தவர்களின் எண்ணிக்கை குறைவு என்பது ஒன்று. அந்த மக்களிடையே எச்.எல்.ஏ. வகைகள் மிகுதி என்பது மற்றொன்று. உலகில் இன்று பதிந்திருக்கும் கொடையாளர்கள் 4 கோடிக்கும் மேல். எட்டரைக் கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் ஜெர்மனியில் மட்டும் அவர்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். இந்தியாவின் மிகப்பெரிய பதிவகமான, 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரியில் இருப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். பெங்களூரிலிருந்து இயங்கும் டிகேஎம்எஸ் இந்தியா என்ற பதிவகமும் தொடர்ந்து ஆள் சேர்த்துவருகிறது. நூற்று நாற்பது கோடி மக்களுக்கு இது போதாது. லண்டனிலோ டொராண்டோவிலோ நோயுறும் தமிழருக்கும் பொருத்தமானவர் இங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், இங்கே விடுபடும் ஒவ்வொரு சமூகமும் அங்கும் விடுபட்டதாகவே ஆகிறது.

படிவத்திலும் இந்தக் கவனக்குறைவு தெரிந்தது. பூர்வீகம் என்ற இடத்தில் மாநிலத்தின் பெயரை எழுதினால் போதும் என்று தன்னார்வலர் சொன்னார். சாதியைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; நம் சூழலில் அந்தக் கேள்வி பதிவுக்கு வருவோரையே விரட்டிவிடும். தாய், தந்தை இருவருடைய சொந்த ஊர் உள்ள வட்டத்தையும் (தாலுகா) வீட்டில் பேசும் மொழியையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிந்தாலே, எந்தப் பகுதி மக்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். அடுத்த முகாமை எங்கே நடத்துவது என்பதும் அதிலிருந்து முடிவாகும். தமிழ்நாடு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்த குறை, பதிந்த பிறகு நிலவும் மௌனம். குச்சியை வாங்கிக்கொண்டு ஓர் அடையாள அட்டை அனுப்பியதோடு சரி. அழைப்பு வரும்வரை பதிவகத்திடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வந்ததில்லை. என்னோடு வரிசையில் நின்ற வகுப்புத் தோழர்கள் இன்று பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அன்று எழுதிக் கொடுத்த கைப்பேசி எண் பலரிடம் இல்லை. நான் எண்ணை மாற்றாததால் கிடைத்தேன். கிடைக்காதவர்கள் எல்லோரும் பட்டியலில் இன்றும் ஆளாகவே எண்ணப்படுகிறார்கள். ஒரு நோயாளியின் குடும்பம் பொருத்தம் கிடைத்துவிட்டது என்று கேட்டு மகிழ்ந்து, பிறகு அந்த நபரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற பதிலைப் பெறுவது எத்தகைய கொடுமை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு செய்தி அனுப்பி, எண்ணும் முகவரியும் மாறியதா என்று கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

அழைப்பு வந்தபோது வீட்டில் எழுந்த எதிர்ப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பின்வாங்குவது அந்த இடத்தில்தான். "முதுகுத்தண்டுல ஊசி குத்தினா கால் வராமப் போயிடாதாடா? இன்னும் கல்யாணம்கூட ஆகல உனக்கு" என்றார் என் அம்மா. பதிவகத்தின் ஒருங்கிணைப்பாளர் பெண் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவர் அம்மாவிடம் அவசரப்படவில்லை. "முதுகுத்தண்டைத் தொடவே மாட்டாங்கம்மா. மஜ்ஜைங்கிறது எலும்புக்குள்ள இருக்கிறது. அதையும் தம்பிகிட்ட நேரா எடுக்கப்போறதில்ல, கையில ரத்தம் எடுக்கிற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, தன் இடுப்பெலும்பில் கையை வைத்துக் காட்டினார். குழந்தைகளுக்கான சில சிகிச்சைகளில் இடுப்பெலும்பிலிருந்து மயக்க மருந்து கொடுத்து மஜ்ஜையாகவே எடுப்பதுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். பின்வாங்கும் உரிமை எனக்கு எப்போதும் உண்டு என்றும், ஆனால் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கும் கடும் மருந்துகள் ஏற்றத் தொடங்கிய பிறகு நான் விலகினால் அவர் உயிரே போகலாம் என்றும், ஆகவே வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். இந்த நேர்மைக்காகவே அந்தப் பெண்ணை மனதாரப் பாராட்டுகிறேன். இதே விளக்கம் பதியும் நாளிலேயே, முடிந்தால் வீட்டாரையும் உட்கார வைத்து, கொடுக்கப்பட வேண்டும். ஒரு நிமிடத்தில் பதிந்துவிட்டுப் போகலாம் என்று கூவி அழைப்பது எண்ணிக்கையைக் கூட்டும். அழைத்தால் வரும் கொடையாளரை உருவாக்காது.

மறுசோதனைக்கும் முழு உடல் பரிசோதனைக்கும் பிறகு, எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் இறக்கும் ஊசி நாளுக்கு ஒருமுறை என ஐந்து நாள் போடப்படுகிறது. செவிலியர் வீட்டுக்கு வந்தே போட்டார். மூன்றாம் நாளுக்குப் பிறகு கீழ் முதுகிலும் தொடையிலும் காய்ச்சலின்போது வருவது போன்ற உளைச்சல் இருந்தது. பாராசிட்டமால் அதைத் தணித்தது. ஐந்தாம் நாள் மருத்துவமனையில் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் சென்று, தேவையான அணுக்கள் பிரிக்கப்பட்டு, மீதி மறு கையின் வழியாகத் திரும்ப ஏறியது. பிளேட்லெட் கொடுத்த பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இயந்திரம் புதிதாக இருக்காது. நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை ஆகும். ஊசி குத்திய கையை மடக்க முடியாது. "உதடு மரத்துப்போற மாதிரி, விரல் நுனி குறுகுறுன்னு இருந்தா உடனே சொல்லுங்க தம்பி" என்று செவிலியர் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகும் என்றும் விளக்கினார். எனக்கும் உதடு மரத்தது; இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்த சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. எனக்கு எதிரே தொங்கிய பையில் சேர்ந்தது, சாதாரண ரத்தத்தை விட வெளிறிய செந்நிறத்தில், சில நூறு மில்லிலிட்டர் திரவம். பயணம், தங்குமிடம், உணவு, உடன் வந்த அண்ணனுக்கான ஏற்பாடு என எதற்கும் என் கையிலிருந்து பணம் செலவாகவில்லை. கொடுத்ததற்குப் பணமும் வாங்கவில்லை, வாங்கவும் கூடாது. அதன் பின்னும் குறித்த இடைவெளிகளில் ரத்தப் பரிசோதனைக்கு நினைவூட்டி அழைத்தார்கள். நோயாளி யார், எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. ஓராண்டுக்குப் பின் இரு தரப்பும் விரும்பினால் சந்திக்கலாம் என்பது அவர்கள் விதி.

நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் சிலவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவு இலவசம் என்றாலும், பொருத்தமான கொடையாளரின் மறுசோதனை, அணுச் சேகரிப்பு, கொண்டுசேர்த்தல் ஆகிய செலவுகள் நோயாளியின் குடும்பத்திடம்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பதிவகத்திலிருந்து வரவழைத்தால் அது பல மடங்கு. பெற்றோரிடமோ பிள்ளையிடமோ பாதிப் பொருத்தத்தை வைத்தே செய்யும் சிகிச்சை, மாற்றுக்குப் பின் சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுக்கும் முறை வந்த பிறகு, நம் நாட்டிலும் பரவிவருகிறது; அதனால் பதிவகமே தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தகுந்த உறவினர் இல்லாதவர்களும், உறவினரின் திசுவுக்கு எதிரான எதிர்பொருள் உடலில் உருவாகிவிட்டவர்களும் இருக்கும்வரை அந்த வாதம் நிற்காது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. தாய்மாமனையோ மாமன் மகளையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், பெற்றோர் இருவரும் ஒரே எச்.எல்.ஏ. தொகுதியைப் பகிர்ந்திருக்க வாய்ப்பிருப்பதால், தாயோ தந்தையோ சித்தப்பாவோ கூட முழுப் பொருத்தமாக அமைவது உண்டு. வெளியில் தேடுவதற்கு முன் நெருங்கிய உறவினரையும் சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

பதிய நினைப்பவர்களுக்கு: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மேல் வரம்பு பதிவகத்துக்குப் பதிவகம் 50, 55 என மாறுகிறது. குச்சிகள் தபாலிலும் வருகின்றன, ஆகவே முகாமுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே ஒரு பதிவகத்தில் இருந்தால் இன்னொன்றில் மீண்டும் பதிய வேண்டாம். பட்டியல்கள் உலகப் பொதுத் தேடலில் இணைந்திருப்பதால் ஒருவரே இருமுறை எண்ணப்படுவார். கைப்பேசி எண்ணோ ஊரோ மாறியிருந்தால் நீங்களே பதிவகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். சிறு நகரங்களிலும் மலைக் கிராமங்களிலும் பணிபுரியும் ஆசிரியர்கள், செவிலியர்கள், ஊராட்சித் தலைவர்கள் தம் பகுதிக்கு முகாம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். அரூர் அரசுக் கல்லூரியில் நடத்தும்படி நானும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாதிரிக்கும் ஆகும் ஆய்வகச் செலவை ஏற்க நன்கொடையாளர் கிடைத்தால் வரத் தயார் என்று பதில் வந்திருக்கிறது. அதற்கான ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.